ஐந்து போத்தலும் ஒரு கோப்பை பால் தேத்தண்ணியும்

களுவாஞ்சிகுடிப் பக்கம் இருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். கடிதம் மூன்று பக்கம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

"சேர், எனக்கு 41 வயது. மாசி மாதம் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. டொக்டர் இரும்புச்சத்துக் குளிசை தந்தார், ஒரு நாளைக்கு ஒன்று. கனடாவில் இருக்கிற அண்ணாவுக்குச் சொன்னேன், அவர் ஒரு மல்டிவிற்றமின் போத்தல், கல்சியமும் விற்றமின் டீயும் சேர்ந்த ஒரு போத்தல், முடி கொட்டுதென்று சொன்னதற்கு சிங்க் 50 மில்லிகிராம் ஒரு போத்தல் என்று பார்சலில் போட்டு அனுப்பினார். இரும்புக் குளிசை வயிற்றைப் பிரட்டுவதால் பார்மசியில் கேட்டு ஒமெப்ரசோலும் எடுக்கிறேன். ஐந்தையும் பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரம் பால் தேத்தண்ணியோடு ஒரேயடியாகப் போட்டுவிடுவேன், பிறகென்று விட்டால் மறந்துபோகும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 9.8. எல்லாம் உடம்புக்கு நல்ல சாமான்தானே, ஒன்றாகப் போட்டால் என்ன பிழை? மாமியும் தன்னுடைய தைரொயிட் குளிசையை என்னோடு இருந்துதான் போடுவா. அவவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது."

டீச்சர், முதலில் நன்றி. போத்தலின் பெயர், அளவு, எந்த நேரம், எதோடு என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். நான் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் 22 வருசமாக நிற்கிறேன், "ஒரு வெள்ளைக் குளிசையும் ஒரு சிவப்புக் குளிசையும்" என்பதற்கு மேல் சொல்கிற ஆட்கள் குறைவு. நீங்கள் எழுதியதை வைத்தே பாதிக் கதை விளங்கிவிட்டது. மூன்று மாதத்தில் 0.2 ஏறியது ஏற்றமே இல்லை, இன்னொரு லாபில் பார்த்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரும். இரும்பு ஒழுங்காக உள்ளே போயிருந்தால் முதல் மாதத்திலேயே ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு அவசரமாக வெளிக்கிடுகிற அந்த நேரத்தில் உங்கள் குடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். மட்டக்களப்பில் பழைய கல்லடிப் பாலம் ஞாபகம் இருக்கும்தானே? 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்த ஒரு ஒடுக்கப் பாதைதான், இந்தப் பக்கத்தால் ஒரு பஸ் ஏறினால் அந்தப் பக்கத்து ஆள் நிற்கத்தான் வேண்டும். சிறுகுடலின் சுவரிலும் இரும்புக்கென்று அப்படி ஒரு ஒடுக்கமான வழிதான் இருக்கிறது. இரும்புக் குளிசையும் சிங்க் குளிசையும் வெறும் வயிற்றில் தண்ணியோடு ஒன்றாக இறங்கினால் இரண்டும் அங்கே இடிபடும். கல்சியம் வேறொரு விதத்தில் குறுக்கே நிற்கும்: 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ கல்சியம் கூடப் போனால் அந்த வேளையில் ஏறும் இரும்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அண்ணா அனுப்பிய மாதிரிப் போத்தல்களில் ஒரு குளிசையிலேயே 500, 600 இருக்கும், லேபலைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் குளிசைக்கு டிராபிக் ஜாம்.

இதெல்லாம் தேத்தண்ணியைச் சொல்வதற்கு முந்திய கதை. நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் வீட்டிலேயே ஒரு வேலை செய்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டலாம். ஒரு இரும்புக் குளிசையின் மேல்பூச்சைத் தண்ணியில் கழுவிவிட்டு, நன்றாக நுணுக்கி, ஒரு கிளாஸ் பிளேன்டிக்குள் போட்டுக் கலக்குங்கள். செம்மண் நிறத்தில் இருந்த தேத்தண்ணி கறுத்து, மை மாதிரி ஆகிவிடும். மை மாதிரி என்ன, மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது வேறொன்றுமில்லை, பெரஸ் சல்பேற், ஆஸ்பத்திரியில் தரும் இரும்புக் குளிசைக்குள் இருக்கிற அதே உப்பு. கடுக்காயில் இருக்கிற துவர்ப்பின் சொந்தக்காரர்தான் தேயிலையின் சாயம். இரும்பைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் கரையாது, கரையாததைக் குடல் எடுக்காது. மூன்று மாதமாகக் காலையில் வயிற்றுக்குள் மை காய்ச்சியிருக்கிறீர்கள் டீச்சர்.

"நான் குடிப்பது பிளேன்டி இல்லையே, பால் தேத்தண்ணிதானே" என்று கேட்பீர்கள். பால் விடுவதால் சாயத்தின் குணம் மாறவில்லை, இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1983இல் வந்த ஒரு ஆய்வில் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தவர்களுக்கு இரும்பு ஏறுவது 64 சதவீதம் குறைந்தது, கோப்பி குடித்தவர்களுக்கு 39 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்திக் குடித்த கோப்பி ஒன்றும் செய்யவில்லை, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தது கூடக் குடித்த மாதிரியே பிடித்து வைத்துக்கொண்டது. ஆகவே தேத்தண்ணியை விடச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. தேத்தண்ணியை விடு என்றால் இந்த ஊரில் யார் என் பேச்சைக் கேட்பார்கள், நானே கேட்க மாட்டேன். எழும்பியதும் குடியுங்கள், பள்ளிக்கூட இடைவேளையில் குடியுங்கள், பின்னேரம் நாலரைக்குக் குடியுங்கள். சோற்றுக் கோப்பையைக் கழுவ முதல் குடிக்கிற அந்த ஒரு பிளேன்டியையும், இரும்புக் குளிசைக்குக் கிட்டவான தேத்தண்ணியையும் மட்டும் இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

ஒமெப்ரசோலுக்கு வருவோம். இரும்பு கரைவதற்கு வயிற்றுப் புளிப்பு வேண்டும். அந்தப் புளிப்பைச் சுரக்க விடாமல் பூட்டுவதுதான் ஒமெப்ரசோலின் வேலை. இரும்பு வயிற்றைப் பிரட்டுகிறது என்று அதைத் தொடங்கினீர்கள், அது இரும்பைக் கரையவிடாமல் செய்கிறது, கரையாத இரும்பு குடலில் கிடந்து மறுபடியும் பிரட்டுகிறது. நீண்ட காலம் எடுத்தால் பி12, மக்னீசியம் இரண்டும் குறையலாம் என்பதும் தெரிந்த விஷயம். உங்களுக்குப் புண் இருப்பதாக எந்த டொக்டரும் சொல்லாமல் நீங்களாகத் தொடங்கியது என்றால், டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தலாம். அவர் எழுதித் தந்தது என்றால் கை வைக்க வேண்டாம்.

சரி, எனக்கு உண்மையிலேயே பயம் தந்த போத்தல் எது தெரியுமா? சிங்க். பாடப்புத்தகத்தில் நீங்கள் படிப்பிக்கிற நாகம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 8 மில்லிகிராம், நாள்தோறும் எடுப்பதற்குப் பாதுகாப்பான உச்சம் 40. நீங்கள் எடுப்பது 50, சாப்பாட்டில் வருவது வேறு, மல்டிவிற்றமினுக்குள் இருப்பது வேறு. அளவுக்கு மிஞ்சி நாகம் வந்தால் குடல் கலங்கள் அதைப் பிடித்து வைப்பதற்காக ஒரு புரதத்தை நிறையச் செய்யத் தொடங்கும், பெயர் மெட்டலோதயனீன். கோளாறு என்னவென்றால் அந்தப் புரதம் நாகத்தைவிடச் செப்பைத்தான் இறுக்கிப் பிடிக்கும். சாப்பாட்டில் வந்த செப்பு அந்தக் கலத்துக்குள்ளேயே அகப்பட்டு நிற்கும், சில நாளில் கலம் உதிர்ந்து மலத்தோடு போகும், செப்பும் கூடவே போகும். உடம்பில் செப்பு தேங்குகிற வில்சன் நோய்க்கு நாகத்தையே மருந்தாகக் கொடுப்பது இந்தக் குணத்தை வைத்துத்தான். நோயாளிக்கு மருந்தாக இருப்பது உங்களுக்கு வினை.

செப்புக் குறைந்தால் என்ன நட்டம், அது யாருக்கு வேண்டும் என்று நினைப்பீர்கள். இரும்புக்கு வேண்டும். குடல் கலத்தில் இருந்தோ ஈரலில் இருந்தோ இரும்பு வெளியே வந்து இரத்தத்தில் ஏறுவதற்குச் செப்புள்ள நொதியங்கள் கதவு திறந்துவிட வேண்டும். அவை இல்லையென்றால் களஞ்சியத்தில் நெல் இருக்கும், உலையில் அரிசி இராது. ஆளுக்கு இரத்தசோகை வரும், அது இரும்புக் குளிசைக்கு அசையாது, வெள்ளைக் கலங்களும் குறையும், இன்னும் போனால் கால் விறைப்பு, நடை தள்ளாட்டம் என்று நரம்பிலும் கை வைக்கும். 1989இல் வந்த ஒரு ஆய்வில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் சிங்க், உங்களுடைய அதே அளவு, 10 வாரம் கொடுத்தார்கள். செப்பின் நிலையும் இறங்கியது, இரும்பின் நிலையும் இறங்கியது. முடி கொட்டுவதற்கென்று அண்ணா அனுப்பினார், ஆனால் உங்கள் முடி கொட்டுவதற்கு இரும்புக் குறைவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தப் போத்தலை இன்றைக்கே நிறுத்துங்கள். இதற்கு டொக்டரைக் கேட்க வேண்டியதில்லை, ஆனால் மூன்று மாதம் 50 மில்லிகிராம் எடுத்தேன் என்பதை அவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள், தேவையென்று கண்டால் செப்பையும் பார்ப்பார். பதிலுக்கு நண்டு, கணவாய், எள்ளுருண்டை, நம்மூர் மரமுந்திரிப் பருப்பு. எல்லாவற்றிலும் செப்பு நிறைய உண்டு.

நாகத்தை நான் கெட்ட பிள்ளையாக்கிவிட்டேன், அதுவும் சரியில்லை. குறைந்தாலும் பெரும் பாடுதான். 1958இல் ஈரானில் ஆனந்த பிரசாத் என்ற இந்திய மருத்துவர் வேலை செய்துகொண்டிருந்தார். இருபது வயதில் பத்து வயதுப் பிள்ளைபோல வளர்ச்சி நின்றுபோன, இரத்தமும் குறைந்த இளைஞர்களை அங்கே கண்டார். புளிக்காத மாவில் சுட்ட ரொட்டிதான் அவர்களுக்கு முக்கிய சாப்பாடு, களிமண் தின்னும் பழக்கமும் இருந்தது. தானியத்தின் தவிட்டில் இருக்கிற பைற்றிக் அமிலம் நாகத்தையும் இரும்பையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். மனிதருக்கும் நாகம் குறையலாம் என்பதை உலகம் விளங்கிக்கொள்ள அந்தப் பொடியன்கள்தான் காரணம். நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. சிவப்பரிசி, குரக்கன், கௌபி, பயறு எல்லாவற்றிலும் அந்த அமிலம் இருக்கிறது. அதற்காக அவற்றை விடத் தேவையில்லை. ஊறப்போட்டால் குறையும், புளிக்கவிட்டால் நன்றாகக் குறையும், முளைக்கட்டினால் குறைவதோடு விற்றமின் சீயும் புதிதாக வரும். தோசை மாவை இராத்திரி முழுக்கப் புளிக்க வைத்த நம்முடைய ஆச்சிமார் பைற்றிக் அமிலம் என்ற பெயரைக் கேட்டதில்லை, வேலையைச் செய்துவிட்டார்கள். இப்போது கடையில் உடனடித் தோசை மா வாங்குகிறோம்.

இரும்பைப் பற்றி இன்னொரு சங்கதி, இது கொஞ்சம் புதிது. இரும்புக் குளிசை ஒன்று உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஓமோனைச் சுரந்து "போதும், படலையைச் சாத்து" என்று குடலுக்கு அறிவிக்கும். அந்தச் சாத்தல் ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கும். அடுத்த நாள் போடுகிற குளிசை பாதி சாத்திய படலையில்தான் முட்டும். 2017இல் சுவிற்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களுக்கு 60 மில்லிகிராம் இரும்பை ஒருபகுதிக்கு நாள்தோறும், மறுபகுதிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கொடுத்துப் பார்த்தார்கள். நாள்தோறும் எடுத்தவர்களுக்கு ஏறியது 16.3 சதவீதம், ஒன்றுவிட்ட நாளில் எடுத்தவர்களுக்கு 21.8. வயிற்றுப் பிரட்டல் உள்ள ஆட்களுக்கு இது நல்ல வழி, உங்கள் டொக்டரிடம் "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடட்டுமா" என்று கேளுங்கள். அவர் ஓமென்றால் ஒமெப்ரசோலுக்கும் வேலை இல்லாமல் போகலாம். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உடம்பு எடுக்காத இரும்பு. ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுத்து நாறினால் அது வேறு, உடனே காட்ட வேண்டும்.

எப்போது போடுவது? இராச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது, தண்ணியோடு. பிரட்டினாலும் நித்திரையில் தெரியாது. முடியவே இல்லையென்றால் இரண்டு வாய் சோற்றோடு போடுங்கள், கொஞ்சம் குறையத்தான் ஏறும், குப்பையில் போடுவதைவிட மேல். தேசிக்காய்த் தண்ணியோடு போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் முந்திச் சொன்னவன்தான். 2020இல் சீனாவில் இரத்தசோகை உள்ள 440 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இரும்போடு விற்றமின் சீ குளிசை, மற்றப் பகுதிக்கு இரும்பு மட்டும் என்று கொடுத்ததில் இரண்டு பகுதிக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறியது. குளிசையில் இருப்பது ஏற்கெனவே குடல் விரும்புகிற வடிவத்து இரும்பு, அதுவும் வேண்டிய அளவுக்கு மேலே. ஆகவே தேசிக்காயைக் குளிசைக்குச் செலவழிக்காமல் சாப்பாட்டுக்கு வையுங்கள்.

சாப்பாட்டில்தான் அதன் கைவரிசை. கீரை, பருப்பு, அரிசியில் வருகிற இரும்பு முரட்டு வகை, விற்றமின் சீ வந்து அதை இளக்கிக் கொடுத்தால்தான் ஏறும். விற்றமின் சீக்குச் சூடு ஆகாது. நீங்கள் சொதி வைக்கிற விதத்தை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்: பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் சட்டியை இறக்கி வைத்து, ஆவி அடங்கிய பிறகுதானே தேசிக்காயைப் பிழிகிறீர்கள்? அடுப்பில் வைத்துப் பிழிந்தால் பால் திரைந்துபோகும், கைக்கும் என்று மாமியார் சொல்லித் தந்திருப்பா. விற்றமின் சீயும் பிழைத்துக்கொள்கிறது. வல்லாரைச் சம்பல் இன்னும் நல்லது, பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிப்புளி. இரும்பும் அங்கே, அதை ஏற்றுகிற புளியும் அங்கே, கீரையின் கரோட்டீனைக் கரைக்கிற தேங்காயின் கொழுப்பும் அங்கே. விற்றமின் ஏ, டீ, ஈ, கே நான்கும் கொழுப்பில்தான் கரையும், முருங்கையிலையை வெறும் தண்ணியில் அவித்துக் குடித்தால் கரோட்டீனின் பெரும்பகுதி உங்களைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் ஒரு துண்டு வாவி மீனோ நெத்தலியோ இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும். மீனுக்கும் இறைச்சிக்கும் தங்கள் இரும்பைத் தருவதோடு பக்கத்தில் இருப்பவனையும் இழுத்துக்கொண்டு போகிற குணம் உண்டு.

கரோட்டீனை ஏன் இழுத்தேன் என்றால், உடம்பு அதைத்தான் விற்றமின் ஏ ஆக மாற்றும், அந்த ஏ குறைந்தால் இரும்பு களஞ்சியத்தை விட்டு வெளிக்கிடாது. 1993இல் மேற்கு ஜாவாவில் இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரும்பு மட்டும் கொடுத்தபோது 68 சதவீதம் பேருக்கு இரத்தசோகை நீங்கியது, விற்றமின் ஏ மட்டும் கொடுத்தபோது 35, இரண்டையும் சேர்த்தபோது 97. இந்த உலகத்தில் சண்டைக்காரர்கள் மட்டும் இல்லை, கூட்டாளிகளும் இருக்கிறார்கள். விற்றமின் டீ இல்லாவிட்டால் கல்சியத்தில் 10, 15 சதவீதந்தான் உள்ளே போகும், மக்னீசியம் இல்லாவிட்டால் அந்த டீயே வேலைக்கு இறங்காது. (அதற்காக டீயை மல்டிவிற்றமினில் தேடி அலைய வேண்டாம், உங்கள் கல்சியப் போத்தலிலேயே இருக்கிறது.)

கல்சியக் குளிசை உங்களுக்கு வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். நம் பக்கத்து எருமைத் தயிர் கிழமையில் எத்தனை நாள் சாப்பிடுகிறீர்கள்? எருமைப் பாலில் பசுப்பாலைவிடக் கல்சியம் கூட. முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி வேறு. பசளிக் கீரையை மட்டும் நம்பாதீர்கள், அதில் கல்சியத்தைக் கட்டிப்பிடிக்கிற ஒக்சலேற் கூட, கல்சியம் கொஞ்சந்தான் ஏறும், பாலில் கால்வாசிக்கு மேல் ஏறும். குளிசை கட்டாயம் என்று டொக்டர் சொன்னால் காலைச் சாப்பாட்டோடு எடுங்கள். மத்தியானச் சோற்றில்தான் உங்களுக்குக் கீரையும் மீனும் இருக்கிறது, அந்த வேளையை இரும்புக்கு விடுங்கள். ஒரே தடவையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டுப் பிரயோசனமில்லை. மல்டிவிற்றமினை இரத்தம் ஏறும் வரை அலுமாரிக்குள் வையுங்கள், அதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதால் இடைஞ்சலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். நீங்கள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த காலத்தில் கிளினிக்கில் இரும்பையும் கல்சியத்தையும் வேறு வேறாகத் தந்து, ஒன்றாகப் போட வேண்டாம் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியிருப்பா. அதே விதிதான், வயது மாறியதால் விதி மாறாது.

இதை வாசித்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். தயிர்ச் சோற்றில் கீரை வைத்தால் இரும்பு போய்விடுமோ என்று ஒரு அம்மா என்னிடம் அழுதே விட்டா. ஒரு வேளையை எடுத்து அளந்தால் கல்சியம் இரும்பைக் குறைப்பது உண்மை, மாதக் கணக்கில் பார்த்தால் சாப்பாட்டில் உள்ள கல்சியத்தால் இரத்தம் குறைந்ததாகக் காட்டுவது கஷ்டம். குளிசையின் அளவு வேறு, சாப்பாட்டின் அளவு வேறு.

மாமியின் விஷயத்தில் நான் குற்றவாளி போலத்தான் எழுதுகிறேன். என்னுடைய அம்மாவும் தைரொக்சின் என்ற அந்தத் தைரொயிட் குளிசை எடுத்தவ. மூட்டு நோவுக்கென்று யாரோ எழுதிக் கொடுத்த கல்சியத்தையும் அதையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்து, விடிய ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தா. இரண்டு தடவை தைரொக்சினின் அளவைக் கூட்டினார்கள், சோதனையில் மாற்றமில்லை. ஊருக்கெல்லாம் நேரம் சொல்லிக்கொடுக்கிற மகன் வீட்டு டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு நாள் தற்செயலாகக் கண்டு, "இதை மத்தியானம் போடுங்க அம்மா" என்றேன். "மறுகா போட்டாலும் வயித்துக்குள்ளதானே மனே போகும்" என்றா. நேரத்தைப் பிரித்து வைத்து, அடுத்த சோதனையில் குளிசையின் அளவைக் குறைக்க வேண்டி வந்தது. ஆகவே மாமி எழும்பியதும் வெறும் தண்ணியோடு தைரொக்சினைப் போடட்டும், அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ கழித்துத் தேத்தண்ணி குடிக்கட்டும். இரும்பு, கல்சியம் எது எடுத்தாலும் நாலு மணித்தியாலம் தள்ளி. இப்படி மாற்றினால் ஆறு கிழமையில் மீண்டும் தைரொயிட் சோதனை செய்ய வேண்டும், அளவு கூடிவிடலாம், அதை டொக்டருக்குச் சொல்லியே மாற்றுங்கள்.

சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுக்கிறாவா என்று எழுதவில்லை. பல வருசமாக எடுத்தால் பி12 குறையலாம். கால் எரிவு, விறைப்பு எல்லாம் சீனியால்தான் என்று விட்டுவிடாமல் ஒருக்கால் பி12 பார்ப்பது நல்லது. அதற்குள் இரத்தம் குறைவென்று போலிக் அசிட்டை மட்டும் அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது. இரத்தம் சரியாகிவிட்ட மாதிரிக் காட்டும், நரம்பு உள்ளுக்குள்ளே கெட்டுக்கொண்டு போகும்.

இனி உங்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று பக்கத்தில் எல்லாம் எழுதினீர்கள், இரத்தம் ஏன் குறைந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. 41 வயதில் மாதவிடாய் எப்படிப் போகிறது? ஏழு நாளுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, பாடம் நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கிறதா? கூச்சப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் எத்தனை போத்தல் வந்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றுவது போலத்தான். மூலம், நோவுக் குளிசை அடிக்கடி எடுக்கிற பழக்கம், வயல் வேலைக்கு வெறுங்காலோடு இறங்குவதால் வரும் கொளுக்கிப் புழு, இதெல்லாமும் கேட்பார்கள். பெரிற்றின் என்று ஒரு சோதனை இருக்கிறது, களஞ்சியத்தில் இரும்பு எவ்வளவு என்று சொல்லும். 15க்குக் கீழே என்றால் குறைவு நிச்சயம், 30க்குக் கீழே என்றாலே பல டொக்டர்மார் குறைவென்றுதான் எடுப்பார்கள். நிறைய இருந்தும் ஹீமோகுளோபின் மட்டும் குறைவென்றால் கதை வேறு. கலங்கள் சிறிதாக, எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறைக் காவுகிறவராக இருக்கலாம், அப்படிப்பட்டவர் பெரிற்றின் பாராமல் வருசக்கணக்கில் இரும்பை விழுங்குவது நல்லதில்லை.

புதிய விதத்தில் தொடங்கி ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்கு மேல் வந்ததும் குளிசையை நிறுத்திவிடாதீர்கள், களஞ்சியம் நிரம்ப இன்னும் மூன்று மாதமளவில் வேண்டும். போத்தலைப் பிள்ளைகள் எட்டாத உயரத்தில் வையுங்கள், இரும்புக் குளிசை இனிப்பு மாதிரி இருக்கும், பத்துப் பதினைந்தை ஒரு குழந்தை தின்றால் உயிருக்கே ஆபத்து.

அண்ணாவுக்குக் கோல் எடுத்து, சிங்க் அனுப்ப வேண்டாம், காசாக அனுப்பினால் நண்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பெரிற்றின் ரிப்போட் கைக்கு வந்ததும் எழுதுங்கள், ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.